டெல்லியில் குளிர் போய் வசந்தம் வந்துவிட்டது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

கேட்டவர் டிசம்பரில்தான் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார் போல. பாவம், வந்த நேரம் அப்படி. நான் மயூர் விஹார்வாசி. எங்கள் வீட்டில் முதல் சேதி சொல்வது தேங்காய் எண்ணெய் டப்பாதான்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். ஜனவரியில் ஸ்பூன் காம்பை விட்டுக் குடைந்துதான் எடுக்க வேண்டும். பிப்ரவரி பாதியில் ஒருநாள் மதியம் பார்த்தால் ஓரமெல்லாம் உருகி, நடுவில் வெள்ளைக் கட்டி மட்டும் மிச்சமிருக்கும். ராத்திரி மறுபடி இறுகிவிடும். இந்த இழுபறி நடக்கிறதே, அதுதான் டெல்லியின் வசந்தம். விடிகாலையிலும் எண்ணெய் உருகியே இருக்கிறது என்றால் வசந்தம் முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் இட்லி மாவு. குளிரில் கம்பளி சுற்றி, ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் கெஞ்சினாலும் பொங்காத மாவு, ஒருநாள் மேடையில் சும்மா வைத்ததற்கே மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு எங்கள் வீட்டில் சந்தோஷம்.

வெளியே பார்க்க வேண்டியது இலவ மரத்தை. இங்கே செமல் என்பார்கள். பிப்ரவரி கடைசியில் ஓர் இலை இல்லாமல் மொட்டையாக நிற்கும் மரத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூக்கள். இதழ் தடிமனாக, மெழுகு தடவியது மாதிரி இருக்கும். உள்ளே தேன் ததும்புவதால் காக்கை, மைனா, அணில் எல்லாம் காலையிலேயே ஆஜர். இலவு காத்த கிளி ஏமாந்ததாக நாம் சொல்கிறோம். டெல்லிக் கிளிகள் காய்க்காகக் காத்திருப்பதில்லை, பூவிலேயே விருந்தை முடித்துக்கொள்கின்றன. பூ முழுசாகத் தொப்பென்று விழும். நடைபாதையில் மிதித்தால் வழுக்கும், ஜாக்கிரதை.

சாந்தி பத் சாலையோரத்து டூலிப், குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் (2023 வரை முகல் கார்டன்) எல்லாம் அழகுதான், போய்ப் பாருங்கள். ஆனால் அவை தோட்டக்காரர்கள் நட்டு வளர்த்த பூக்கள். அவற்றை அடையாளமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. வசந்த பஞ்சமிப் பண்டிகையையும் நம்ப வேண்டாம். சில வருஷம் ஜனவரியிலேயே வந்துவிடும். மஞ்சள் உடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் கொண்டாட வேண்டும். சிவராத்திரியோடு குளிர் ‘சிவ சிவா’ என்று போய்விடும் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, டெல்லிக்கு அந்தக் கணக்குதான் ஓரளவு ஒத்துவருகிறது.

காதுக்கும் வேலை உண்டு. குளிர் முழுக்க அடங்கிக் கிடந்த குக்குறுவான் பறவை, ஏதாவது ஒரு மரத்து உச்சியில் உட்கார்ந்து டுக்-டுக்-டுக் என்று நிறுத்தாமல் தட்ட ஆரம்பிக்கும். குயில் மார்ச்சில் சேர்ந்துகொள்ளும்.

புதிதாக வருபவர்கள் குழம்புவது மார்ச்சில்தான். வசந்தம் என்று சொல்லிவிட்டு வேப்பமரம் மஞ்சள் மஞ்சளாக இலையைக் கொட்டும், தெருவெல்லாம் சருகு. பயப்படாதீர்கள், கொஞ்ச நாளில் செம்பு நிறத்தில் கொழுந்து வந்துவிடும். இங்கே இலையுதிர்வும் துளிரும் ஒரே மாதத்துக்குள் நடந்து முடிகிறது. அதற்கு மேல் அவகாசமும் இல்லை. நம் பஞ்சாங்கத்தில் இளவேனில் தொடங்கும் சித்திரையில் இங்கே வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும்.

ரஜாயை (பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை) வெயிலில் காயவைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதை ஹோலி வரை ஒத்திப்போடுங்கள். மேற்கிலிருந்து மேகம் வந்து ஒரு மழை பெய்தால் மறுபடி இரண்டு நாள் நடுங்க வேண்டியிருக்கும். ஆனால் ஏர் கூலரின் பக்கத் தட்டிகளுக்குப் புல் மாற்றுகிறவரை மார்ச்சிலேயே பிடித்துவிடுங்கள். ஏப்ரலில் போனை எடுக்கவே மாட்டார்.