பரிசோதனை மேசையில் படுத்தாலே உடம்பு விறைத்துப்போகிறது

கேள்வி: எனக்கு வயது 36. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மேசையில் படுத்ததுமே உடம்பு விறைத்து, மூச்சு முட்டியது. "பிள்ளை பெத்தவங்கதானே, இதுக்கே இப்படியா?" என்று நர்ஸ் கடிந்துகொண்டார். பரிசோதனை செய்யாமலே வந்துவிட்டேன். சிறுவயதில் எனக்கு நடந்த ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. அதுதான் காரணமா? டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சொல்ல வேண்டியதில்லை. "எனக்குப் பழைய கசப்பான அனுபவம் ஒன்று இருக்கிறது, இந்தப் பரிசோதனை எனக்குச் சிரமம்" என்பதே போதும். அதற்கு மேல் யாராவது துருவினால், "அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதுதான் காரணமா என்றால், பெரும்பாலும் இருக்கலாம். மல்லாந்து படுக்க வேண்டும், கீழாடை இல்லை, எதிரில் இருப்பவர் கை என்ன செய்கிறது என்று தெரியவில்லை, "அசையாதீங்க, கொஞ்ச நேரம்தான்" என்கிறார்கள். இத்தனையும் சேரும்போது, ஆபத்து வந்துவிட்டதாக மூளை முடிவு செய்துவிடுகிறது. நீங்கள் யோசிப்பதற்கு முன்பே அட்ரினலின் பாய்ந்து, நெஞ்சு படபடக்கும், இடுப்புத் தசைகள் தாமாக இறுகும். சிலர் பேச்சு வராமல் உறைந்துபோவார்கள். இறுகிய தசையில் கருவியை நுழைத்தால் வலி கூடும், அடுத்த முறை பயமும் கூடும். இதற்குப் போய் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று பெயர் வைப்பது எங்கள் துறையின் கெட்ட பழக்கம்.

நீங்கள் தனியாளும் இல்லை. அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், துன்புறுத்தல், வீட்டு வன்முறை போன்ற சிறுவயதுத் துயரங்களில் ஒன்றையாவது சந்தித்ததாகப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். யாருக்கு என்ன நடந்தது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. ரத்தம் எடுக்கும்போது எல்லோருக்கும் கையுறை போடுகிறோமே, அப்படித்தான் தொடுவதற்கு முன் எல்லோரிடமும் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். மருத்துவமனை என்றில்லை, காப்பகம், சமூகநல அலுவலகம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரே கதையை ஒவ்வொரு மேசையிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் காயம்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதல் சந்திப்பைப் பேச மட்டும் வையுங்கள், ஆடை களையாமல், உட்கார்ந்தபடி. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் முன்பதிவின்போதே கேளுங்கள். நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துப் போகலாம். கையை உயர்த்தினால் உடனே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் மிகவும் உதவுவது இந்த ஒன்றுதான், நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பலருக்கு நிறுத்த வேண்டிய அவசியம் வருவதில்லை. ஸ்பெகுலம், அதாவது பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உள்ளே வைக்கும் கருவி, சின்ன அளவில் வேண்டும் என்று கேட்கலாம், அதை நீங்களே உள்ளே வைத்துக்கொள்ளவும் சில மருத்துவர்கள் அனுமதிப்பார்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஸ்பெகுலமே இல்லாத வழியும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கான மாதிரியை, ஒரு மெல்லிய குச்சியால் நீங்களே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பரிந்துரை இதை ஏற்கிறது. பொதுவாக 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்தால் போதும் என்கிறது. எல்லா இடங்களிலும் இந்த வசதி இருக்காது, விசாரியுங்கள். முடிவில் வைரஸ் இருப்பது தெரிந்தால், அப்போது டாக்டர் நேரில் பார்க்க வேண்டிவரும்.

கெட்ட கனவு, திடுக்கிட்டு விழிப்பது, நெருக்கத்தைத் தவிர்ப்பது என்று இது அன்றாட வாழ்க்கையிலும் தொந்தரவு செய்தால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். இதற்கென்றே பலன் தரும் பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. அது முடிந்த பிறகுதான் பரிசோதனை என்று தள்ளிப்போட வேண்டாம், இரண்டும் தனித்தனியாக நடக்கட்டும்.

அப்புறம் ஒன்று. மாதவிடாய்க்கு இடையிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால், துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டால், நீங்களே மாதிரி எடுப்பது போதாது. மேலே சொன்ன ஏற்பாடுகளைக் கேட்டுக்கொண்டு, தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். விழித்தபடி பரிசோதிக்கவே முடியவில்லை என்றால், மயக்க மருந்து கொடுத்துச் செய்ய முடியுமா என்றும் அவரிடம் கேட்கலாம்.