வெரிகோஸ் வெயின் தொடங்குவது வால்விலா, குழாய்ச் சுவரிலா?

"வால்வு பழுதானால்தான் காலில் நரம்பு சுருண்டுகொள்ளும் என்கிறார்கள். ரத்தக்குழாயின் சுவருக்கு இதில் பங்கு இல்லையா?" என்பது கேள்வி. நிறையவே இருக்கிறது. பலருக்குத் தொடக்கமே சுவரில்தான். பேச்சில் நரம்பு என்கிறோமே தவிர, சுருள்வது நரம்பு இல்லை, சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதற்குள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் கதவுதான் வால்வு.

என் இடது காலில் பன்னிரண்டு வருடமாக இது இருக்கிறது. நின்றால் கெண்டைக்காலின் உட்பக்கம் ஒரு குழாய் வளைந்து வளைந்து புடைக்கும். விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும், எடுத்ததும் நிரம்பிவிடும். படுத்துக் காலைத் தூக்கினால் வற்றிப்போய்த் தோலில் லேசான பள்ளம் மட்டும் தெரியும். இப்படி ஊதி வற்றுவது அந்தச் சுவர்தான்.

சிரைச் சுவரில் உள்ளே மெல்லிய படலம், நடுவில் தசை, வெளியே இணைப்புத் திசு என்று மூன்று அடுக்கு. கொலாஜன் நார் உறுதி தருகிறது, எலாஸ்டின் விரிந்ததைப் பழைய நிலைக்கு இழுக்கிறது. தமனியோடு ஒப்பிட்டால் நடு அடுக்கு மிகவும் மெலிது. ஆனால் அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரையின் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம் வரை ஏறும். நடந்தால் கெண்டைத்தசை ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுவதால் வெகுவாகக் குறையும்.

சுருண்ட சிரையை நுண்ணோக்கியில் பார்த்தால் எலாஸ்டின் துண்டு துண்டாகக் கிடக்கும். வரிசையாக இருக்க வேண்டிய தசைச் செல்களுக்கு நடுவே கொலாஜன் புகுந்து அவற்றைப் பிரித்திருக்கும். அந்தச் செல்களே சுருங்கும் வேலையை விட்டுவிட்டு நார் உற்பத்தி செய்யத் தொடங்கியிருக்கும். அதனால் சுவர் எங்கும் ஒரே மாதிரி மெலிவதில்லை. ஓரிடம் தடித்தும் அடுத்த இடம் இளைத்தும் இருக்கும். குழாய் நேராக ஊதாமல் முடிச்சு முடிச்சாகப் புடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வால்வு? இரண்டு இதழ்கள் நடுவில் வந்து பொருந்தினால்தான் அது மூடும். நிலைச்சட்டம் அகன்றுவிட்டால் கதவு நல்ல கதவாக இருந்தும் சாத்தாது; அதேபோல்தான் இங்கேயும். மேலே உள்ள வால்வு நன்றாக இருக்கும்போதே கிளைச் சிரைகள் விரிந்துபோனவர்கள் இருக்கிறார்கள். வால்வு மட்டுமே காரணம் என்றால் இதை விளக்க முடியாது. ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து வால்வு சிதைந்தவர்களுக்குக் கதை வேறு, அங்கே வால்வுதான் முதலில் போகிறது. எங்கே தொடங்கினாலும், கசிவு வந்தபின் கீழே இறங்கும் ரத்தம் சுவரை இன்னும் அகட்டும். அகன்ற சுவர் அடுத்த வால்வைக் கெடுக்கும்.

டாப்ளர் ஸ்கேன் எடுத்தபோது மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். தொடையின் பெரிய சிரை இரண்டு சவ்வுகளுக்கு நடுவே, கண்ணுக்குள் கருவிழி போல இருந்தது. சவ்வுக்கு வெளியே தோலை ஒட்டி ஓடும் கிளைக்குச் சுவரும் மெலிது, அணைத்துப் பிடிக்கவும் ஒன்றுமில்லை. என் காலில் புடைத்திருந்தது அந்தக் கிளைதான்.

அழுத்தக் காலுறை செய்வதும் அதே வேலைதான். சுவரைச் சரிசெய்யாது, வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கும். தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, மருத்துவரிடம் கேட்காமல் போடக்கூடாது. அப்புறம், காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே, சிரை வற்றியிருக்கும்போதே போட வேண்டும். முதல் சில மாதம் நான் கால் வீங்கியபிறகு போட்டுக்கொண்டு, பலன் இல்லையே என்று வருந்தினேன்.