6ஜி ரெடி என்ற கைத்தொலைபேசியை வாங்கலாமா?

கேள்வி: என் மகள் உயர்தரம் படிக்கிறாள். இணையவழி வகுப்புகளுக்காகக் கைத்தொலைபேசி வாங்கக் கிளிநொச்சிக்குப் போனோம். கடைக்காரர் ஒன்றைக் காட்டி, ‘இது 6ஜி ரெடி, பிறகு மாற்றத் தேவையில்லை’ என்று பதினைந்தாயிரம் ரூபா கூடுதலாகக் கேட்டார். 6ஜி என்றால் என்ன? அதை வாங்கலாமா?
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்க வேண்டாம். 6ஜி என்பது கைத்தொலைபேசி வலையமைப்பின் ஆறாம் தலைமுறை. அதற்கான இலக்குகளை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ‘ஐஎம்டி-2030’ என்ற பெயரில் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டதே தவிர, கருவிகள் எந்த முறையில் இயங்க வேண்டும் என்ற விரிவான தரநிலைகள் இன்னும் வகுக்கப்பட்டு வருகின்றன. வணிகச் சேவை 2030ஐ ஒட்டியே எதிர்பார்க்கப்படுகிறது. எழுதி முடிக்கப்படாத விதிக்குப் பொருந்தும் கருவியை இன்று எவராலும் செய்ய முடியாது. பின்னர் மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம், ஏனெனில் புதிய தலைமுறைக்குப் புதிய மோடமும் (வலையமைப்போடு தொடர்புகொள்ளும் சில்லு) அதற்கேற்ற அலைவாங்கியும் வேண்டும்.

ஆராய்ச்சியாளர் 6ஜி என்னும்போது எட்ட வேண்டிய ஓர் இலக்கையும், விற்பனையாளர் அதையே சொல்லும்போது கையில் இருக்கும் பொருளையும் குறிக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இது புதிதன்று. 2009 டிசம்பரில் ஸ்டொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் தொடங்கிய எல்டிஈ என்ற கைத்தொலைபேசி இணையச் சேவை, 4ஜிக்கு ஒன்றியம் விதித்திருந்த வேகத்தை எட்டாதபோதும் 4ஜி என்றே விற்கப்பட்டது. ஓராண்டின் பின் ஒன்றியமும் அந்த வழக்கத்துக்கு இடங்கொடுத்தது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் 4ஜி வாடிக்கையாளரின் திரைகளில் ‘5ஜி ஈ’ என்று காட்டத் தொடங்க, அந்தச் சொல்லை விளம்பரங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று அங்குள்ள விளம்பர மதிப்பாய்வுக் குழு 2020இல் பரிந்துரைத்தது.

உங்கள் ஊருக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அலைவரிசையின் அதிர்வெண் கூடக்கூட அதிகத் தரவைச் சுமக்க இடமிருந்தாலும், அலை சென்றடையும் தூரம் குறைகிறது. மரங்களும் சுவர்களும் அதை எளிதில் தடுக்கின்றன. காட்டையும் வயல்வெளியையும் கடந்து வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் வன்னியில், புதிய தலைமுறையின் வேகத்தைவிடக் கோபுரம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே வகுப்பு தடைப்படுமா என்பதைத் தீர்மானிக்கும். திரையின் மேல்மூலையைப் பாருங்கள்: முற்றத்தில் ‘4ஜி’ என்று இருப்பது அறைக்குள் வந்ததும் ‘ஈ’ என்று மாறுமானால், கருவி இரண்டாம் தலைமுறைக்கு இறங்கிவிட்டது என்று பொருள். விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் அந்தக் குறை பெரும்பாலும் தீராது. ஆகவே அயலவர்களிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை இரவல் வாங்கி, மகள் படிக்கும் மேசையிலேயே வைத்துப் பார்த்த பின் இணைப்பைத் தெரிவுசெய்யுங்கள்.

வகுப்புகளுக்கு நல்ல 4ஜி கருவி தாராளமாகப் போதும். விலை வேறுபாடு சிறிதென்றால் 5ஜி கருவியை எடுக்கலாம், அது 4ஜியிலும் இயங்கும். பணம் கொடுக்குமுன் *#06# என்று அழுத்தி, ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாளமான ஐஎம்ஈஐ இலக்கத்தைப் பெற்று, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அது பதிவான கருவிதானா என்று பாருங்கள். கடைக்காரர் மீண்டும் 6ஜி என்று சொன்னால், அதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேளுங்கள்.