குளிர்கால மனச்சோர்வும் அலுவலகமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு சிறிய குழுவுக்கு நான் மேலாளர். குளிர்காலத்தில் நாங்கள் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பின்பே வீடு திரும்புகிறோம். கோடையில் எந்தக் கூட்டத்திலும் முதலில் பேசும் ஒருவர், சில வாரங்களாகக் காணொளிக் கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டு அமைதியாக இருக்கிறார். காலையில் தாமதமாக வருகிறார். மதிய உணவுக்கும் எங்களோடு சேர்வதில்லை. சென்ற ஆண்டும் இதே மாதங்களில் இப்படி இருந்துவிட்டு, வசந்தம் வந்ததும் தெளிந்துவிட்டார் என்கிறார்கள். மற்றவர்களும் சற்றுத் துவண்டுதான் தெரிகிறார்கள். இது சோம்பலா, நோயா? நான் என்ன செய்யலாம்?

பதில்: சென்ற ஆண்டும் இதே மாதங்களில் அவர் இப்படி இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி. மனச்சோர்வு ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வந்து, பருவம் மாறியதும் விலகுமானால் அதைப் பருவகால மனச்சோர்வு என்பார்கள். குறைந்தது அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் அப்படி வந்த பிறகே மருத்துவர்கள் அந்த முடிவுக்கு வருவார்கள். 1984-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசந்தாலும் உடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக விவரித்து எழுதினார்கள். மனச்சோர்வு என்றால் தூக்கமும் பசியும் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இந்த வகையிலோ பெரும்பாலும் தூக்கம் கூடுகிறது, படுக்கையை விட்டு எழுவது பெரும்பாடாகிறது, இனிப்பும் மாவுப்பண்டங்களும் மேலும் மேலும் வேண்டியிருக்கிறது, கைகால்கள் கனக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு இவையெல்லாம் சோம்பலாகவே தெரிவதால், நோயின் துன்பத்தோடு பழிச்சொல்லும் சேர்ந்துகொள்கிறது. அதே நேரத்தில், அவருக்கு இருப்பது இதுதான் என்று நீங்களோ நானோ முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும்கூட ஒருவரை இப்படிச் சோர்வடையச் செய்யும் என்பதால், அதை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும்.

குழு முழுவதும் துவண்டிருப்பதற்கு வெளிச்சக் குறைவு முக்கியமான காரணமாக இருக்கலாம். நம் விழித்திரையில், உருவங்களைக் காண்பதைவிட வெளிச்சத்தின் அளவை மூளைக்கு அறிவிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட சில செல்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் அவற்றின் மீது படும்போது தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது அடங்கி, உடலின் உள் கடிகாரம் பகலுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளந்தால், அலுவலக அறையின் விளக்கொளி பொதுவாக 300 முதல் 500 லக்ஸ் வரைதான் இருக்கும். மேகம் மூடிய நண்பகலிலும் திறந்த வெளியில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். கண் உடனே பழகிக்கொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. விடியுமுன் வந்து இருட்டிய பின் போகிறவர், எத்தனை விளக்குகள் எரிந்தாலும், உடலின் கணக்கில் நாள் முழுவதும் அந்தி வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே, சுவரொட்டிகளையும் சொற்பொழிவுகளையும் பற்றி யோசிப்பதற்கு முன் நேர அட்டவணையைக் கையில் எடுங்கள். குளிர்கால மாதங்களில் நண்பகலை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் எந்தக் கூட்டமும் வைப்பதில்லை என்று அறிவித்து, அந்த நேரத்தில் நீங்களே முதலில் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே செல்லுங்கள். மேலாளர் மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அனுமதி இருந்தும் ஒருவரும் எழ மாட்டார்கள். இருவர் மட்டும் பேச வேண்டிய விஷயங்களை நடந்துகொண்டே பேசலாம். சன்னலோர இருக்கைகளைப் பதவி மூப்புப்படி ஒதுக்காமல் முறைவைத்து மாற்றிக்கொள்ளலாம். விடிந்த பின் வீட்டிலிருந்து கிளம்பும்படி வேலை தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைக்க முடிந்தால் அது பேருதவி. கடுமையான கெடு நாட்களை இருண்ட வாரங்களில் குவிக்காதிருப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அந்த ஒருவரிடம் தனியே பேசுங்கள். "உங்களுக்கு மனச்சோர்வா?" என்று கேட்டால் எவரும் இல்லை என்றுதான் சொல்வார். "சில வாரங்களாக வழக்கத்தைவிட அமைதியாக இருக்கிறீர்கள், காலையில் வருவதும் சிரமமாக இருப்பதுபோல் தெரிகிறது, வேலையில் எதையாவது மாற்றினால் உதவியாக இருக்குமா?" என்று, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அடுத்த வாரம் மீண்டும் விசாரியுங்கள். அவர் சொல்வது உங்களோடு இருக்கட்டும். மருத்துவரைப் பார்க்க விரும்பினால் வேலை நேரத்திலேயே போய்வர வழிசெய்து கொடுங்கள். வாழ்வதில் பொருளில்லை என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும், பருவம் மாறட்டும் என்று காத்திராமல், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும்.

கேள்வி: ஒளி சிகிச்சை விளக்கு ஒன்றை அலுவலகப் பொது அறையில் வைக்கலாமா? அது உண்மையில் பயன் தருமா?

பதில்: பருவகால மனச்சோர்வுக்கு நன்கு ஆராயப்பட்ட சிகிச்சைகளுள் ஒன்று அது. கண்ணுக்கு எட்டும் இடத்தில் 10,000 லக்ஸ் ஒளி கிடைக்கும்படி, விளக்கின் தயாரிப்பாளர் குறிப்பிட்ட தொலைவில் அமர்ந்து, காலையில் விழித்த சிறிது நேரத்துக்குள் சுமார் 30 நிமிடம் பயன்படுத்துவது வழக்கம். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். பலருக்கு ஓரிரு வாரங்களில் மாற்றம் தெரியும். மாலையில் பயன்படுத்தினால் இரவுத் தூக்கம் கெடும். புற ஊதாக் கதிர்களை வடிகட்டும் விளக்காக இருப்பது கட்டாயம்.

பொது அறையில் வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மனநிலை சோர்வுக்கும் மிகையான எழுச்சிக்கும் இடையே மாறி மாறிச் செல்லும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த ஒளி அந்த மிகையெழுச்சியைத் தூண்டக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர்களும், ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதன் முன் அமரக் கூடாது. இவற்றையெல்லாம் சக ஊழியர்கள் முன்னிலையில் விளக்கிச் சொல்லும் நிலைக்கு எவரையும் தள்ளாதீர்கள். வேண்டுவோர் மருத்துவரின் ஆலோசனையுடன் வீட்டில் பயன்படுத்த, நிறுவனம் செலவில் பங்கேற்பதே நல்ல வழி.

கேள்வி: நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வெளியே போகாமல், வைட்டமின் டி மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டால் குளிர்காலச் சோர்வு தீருமா?

பதில்: இரண்டும் வெவ்வேறு வழிகள். வைட்டமின் டி தோலின் மீது படும் புற ஊதாக் கதிரால் உருவாகிறது. உள் கடிகாரத்தைத் திருத்தும் வெளிச்சமோ கண் வழியே செல்கிறது. இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வெளிச்சத்துக்கு ஈடாகாது. சன்னல் கண்ணாடி வைட்டமின் டி தரும் கதிரைத் தடுத்தாலும், கண்ணுக்கு வேண்டிய வெளிச்சத்தைப் பெருமளவு உள்ளே விடும். ஆகையால் மேசையைச் சன்னலை ஒட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி போட்டுக்கொண்டு, காலையில் கணினியைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.