எஞ்சின் பிளாக்கில் துருத் தண்ணீர் கசிவு: விரிசலா, டம்மி பிளக்கா?
நண்பரே, உங்கள் மாருதி 800 பிளாக்கின் பக்கவாட்டில், வட்டத் தகட்டின் ஓரமாகத் துருத் தண்ணீர் வழிகிறது, மெக்கானிக் பிளாக்கையே மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அது டம்மி பிளக். வார்ப்பிரும்பு பிளாக்கை வார்த்தபின் உள்ளிருக்கும் மணலை எடுக்க விட்ட துளையை மூடும் மெல்லிய எஃகுத் தகடு. ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இதை உள்ளிருந்தே அரித்துவிடும்.

எஞ்சின் ஆறியதும் தண்ணீரை வடித்து, பிளக்கின் ஒரு விளிம்பில் மட்டும் தட்டுங்கள். குறுக்காகத் திரும்பும், பிளையரால் இழுக்கலாம். ஆழமாக அடித்தால் பின்னாலுள்ள சிலிண்டர் சுவரில் படும், கவனம். துளையை எமரித்தாளால் தேய்த்து, புதிய பிளக்கின் ஓரத்தில் சீலன்ட் (கசிவடைக்கும் பசை) பூசி, குழிப்பக்கம் வெளியே இருக்க, குழிக்குள் பொருந்தும் ஸ்பேனர் சாக்கெட்டை வைத்து நேராக அடியுங்கள். மற்ற பிளக்குகளும் அதே வயதுதான், சேர்த்தே மாற்றுங்கள். பிறகு நீர் கலக்காத அடர் கூலண்டும் (துருத் தடுக்கும் குளிர்விப்புத் திரவம்) காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.