ஆம்னி மலையேறும்போது மட்டும் சூடாகிறதா? முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள்

மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது மட்டும் 2009 மாருதி ஆம்னி வேனில் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது, மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) போய்விட்டது என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

காலையில் வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள் (சூட்டில் திறக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும்). குமிழி விடாமல் வந்தாலோ, ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசுபிசுத்தாலோ கேஸ்கெட் சந்தேகம் சரிதான். இரண்டும் இல்லையென்றால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் 796 சிசி இன்ஜின் சுமையோடு ஏறும்போது வரும் சூட்டைப் பாதி அடைத்த ரேடியேட்டரால் வெளியேற்ற முடியாது, சமதளத்தில் எப்படியோ சமாளித்துவிடும்.

என் பழைய வேனுக்கு வருஷக்கணக்கில் போர் தண்ணீர்தான் ஊற்றினேன். கடைசியில் பிரித்தபோது வெந்நீர் அண்டாவின் அடியில் இருப்பது போல உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது, பல குழாய்களில் தண்ணீரே இறங்கவில்லை. கோர் (ரேடியேட்டரின் உள்ளே இருக்கும் குழாய்த் தொகுதி) மாற்றி, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றியபின் தொந்தரவு இல்லை.

அப்புறம், தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.