டபுள் மார்க்கரில் 1:180 வந்த தம்பிக்கு

தம்பி, மனைவிக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் எடுத்த டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் 1:180 'ஹை ரிஸ்க்' என்று வந்திருக்கிறது, புனலூர் டாக்டர் மலையாளத்தில் சொன்னது பாதிதான் புரிந்தது, என்.ஐ.பி.டி.க்கு (தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கர்ப்பத்தின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் சோதனை) ரத்தம் கொடுத்துவிட்டுச் செங்கோட்டையில் தூக்கமில்லாமல் கிடக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை.

இதே அளவு வந்த 180 கர்ப்பங்களில் ஒன்றில் டவுன் சிண்ட்ரோம் (குழந்தைக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) இருக்கலாம், 179-இல் இருக்காது. அவ்வளவுதான் அந்த எண். பல லேப்களில் 1:250-தான் எல்லை, 1:180 அதைவிடக் கூடுதல் வாய்ப்பு என்பதால் 'ஹை' என்று வந்திருக்கும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ரிப்போர்ட்டில் மனைவியின் பிறந்த தேதி, ரத்தம் எடுத்த அன்றைய எடை, ஸ்கேன் தேதி, குழந்தையின் நீளம் எல்லாம் சரியா என்று ஸ்கேன் தாளோடு வைத்துப் பாருங்கள். கணக்குப் போடுவதே இவற்றை வைத்துத்தான். தப்பு இருந்தால் லேபில் திருத்தித் திரும்பக் கணக்கிடச் சொல்லலாம்.

என்.ஐ.பி.டி. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடும். 'லோ ரிஸ்க்' என்றால் பெரிய நிம்மதி. 'ஹை' என்றாலும் அதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். உறுதி செய்வது பனிக்குட நீர்ப் பரிசோதனை மாதிரியானவைதான், பனிக்குட நீரை எடுப்பது 15 வாரம் முடிந்த அப்புறம்.

சொந்தக்காரர்களிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த முறை மலையாளம் தெரிந்த ஒருவரைக் கூடவே கூட்டிப் போங்கள். ரிசல்ட் வந்ததும் அக்காவுக்கு ஒரு வரி எழுதுங்கள்.